உயிர்ச்சதை தேடும் ஈ

தஞ்சாவூர்ப் பக்கம் மாடு கன்று போட்டால் முதல் வாரம் தினமும் பார்க்க வேண்டிய இடம், கன்றின் தொப்புள். கன்று பால் குடிக்கிறதா, சாணி போடுகிறதா என்று வீட்டில் எல்லோரும் கவனிப்பார்கள். வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் குறைவு. தொப்புள்கொடி காயாமல் இருக்கும்போது ஓர் ஈ வந்து உட்கார்ந்து முட்டையிட்டுப் போகச் சில நிமிடம் போதும். மறுநாள் அந்த இடம் கசியும். அதற்கடுத்த நாள் வாடை அடிக்கும். பிறகு கன்று பால் குடிக்க எழுந்திருக்காமல் சுருண்டு கிடக்கும். புரட்டிப் பார்த்தால் தொப்புள் இருந்த இடத்தில் ஒரு குழி, அதன் அடியில் நெளிவு. "புழு வச்சிடுச்சுங்க, தீனி எடுக்கல" என்று கால்நடை மருத்துவருக்குப் போன் போகும்.

இதைப் பற்றி ஊரில் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. புண் அழுகினால் அதிலிருந்து தானாகவே புழு உண்டாகும் என்பது ஒன்று. சுற்றுப்புறம் நாறினால்தான் புழு வைக்கும், சுத்தமான வீட்டில் வைக்காது என்பது இன்னொன்று. முதலாவதை 1668-இலேயே இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி உடைத்துவிட்டார். சில ஜாடிகளில் இறைச்சியைத் திறந்து வைத்தார், சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் மூடினார். திறந்த ஜாடியில் புழு வந்தது. மூடிய ஜாடியில் இறைச்சி அழுகியதே தவிர, அதில் புழு உண்டாகவில்லை. புழு ஈயின் குஞ்சு. ஈ உட்கார்ந்தால்தான் அது வரும். இரண்டாவது நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் ஊரில் கால்நடைப் புண்களில் புழு வைக்கும் முக்கியமான ஈக்குக் குப்பைமேட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

எந்த ஈ?

நாகப்பட்டினம் கடற்கரையில் கருவாடு காயும் இடத்தில் நின்று பார்த்தால், செங்கண்ணும் பச்சையும் நீலமும் கலந்த மினுமினுப்பும் கொண்ட தடித்த ஈக்கள் மொய்ப்பதைக் காணலாம். இந்த ஈயின் அறிவியல் பெயர் கிரைசோமியா மெகாசெபாலா. செத்ததில்தான் இது முட்டையிடும்: மீன் கழிவு, எலியின் பிணம், கழிவறைக் குழி. இதன் நெருங்கிய சொந்தம் கிரைசோமியா பெசியானா. உருவிலும் நிறத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பூச்சியியல் படித்தவர்கள்கூட உருப்பெருக்கியை எடுத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். பழக்கத்திலோ இரண்டும் எதிரெதிர். பெசியானாவின் குஞ்சு பிணத்திலும் வளராது, குப்பையிலும் வளராது. வெப்ப ரத்தம் ஓடும் உயிருள்ள உடம்பில் மட்டுமே அது வளரும்.

1914-இல் வில்நூவ் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த இனத்துக்குப் பெயர் சூட்டினார். இந்தியாவில் மனிதருக்கும் கால்நடைக்கும் புழு வைப்பது இதுதான் என்று நிலைநாட்டியவர் டபிள்யூ. எஸ். பேட்டன். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த ராணுவ மருத்துவர் அவர். அங்கிருந்தபடியே எஃப். டபிள்யூ. கிராக் என்பவரோடு சேர்ந்து 1913-இல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடநூல் எழுதினார். 1920-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை வரிசையில் முதலாவதே பெசியானாவைப் பற்றியதுதான். அதுவரை பல ஈக்களின் பெயரில் குழம்பிக் கிடந்த பழி, ஓர் ஈயின் மேல் சரியாக விழுந்தது.

அழுகலை மட்டும் தின்னும் புழுக்களும் உண்டு. முதல் உலகப் போரில் கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களின் புண்கள் புழு வைத்தும் சுத்தமாக இருந்ததைக் கண்ட அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பேயர், பின்னாளில் லூசிலியா செரிகேட்டா என்ற ஈயின் புழுக்களைக் கிருமியில்லாமல் வளர்த்து, ஆறாத எலும்புப் புண்களில் விட்டுப் பார்த்தார். 2004-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. இதைக் கேள்விப்பட்டு, "புழு புண்ணைச் சுத்தம் பண்ணும், கிடக்கட்டும்" என்று நினைப்பது ஆபத்து. அவை ஆய்வகத்தில் வளர்ந்த வேறு இனம். தொழுவத்தில் வந்து உட்கார்வது அழுகலோடு நிறுத்திக்கொள்ளும் ஈ அல்ல.

ஒரு வாரத்துக்குள் நடப்பது

பெசியானாவின் பெண் ஈ பெரும்பாலும் பிற்பகலின் கடைசி மணிகளில் முட்டையிட வரும். ரத்தக் கசிவின் வாடை அதற்கு வழிகாட்டி. புண்ணின் நடுவில் உட்காராது. காய்ந்த விளிம்பில், ஒரே திசையில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நூற்றைம்பது, இருநூறு முட்டைகளை வரிசையாக வைக்கும். வெண்மையான சிறு திட்டாக அது கண்ணுக்குத் தெரியும். உப்புத்தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுபவர்களும் உண்டு.

நம் ஊர் வெக்கையில் முட்டை பொரிய ஒரு நாள்கூட ஆகாது; பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். குஞ்சு வெளியே வந்ததும் புண்ணின் ஈரத்துக்குள் இறங்கும். வாயில் இரண்டு கருநிறக் கொக்கிகள்; அவற்றால் சதையைக் கிழித்து, கசிவதைக் குடிக்கும். உடலைச் சுற்றி வளையம் வளையமாக முட்கள். தலைகீழாகச் சதைக்குள் இறங்குவதாலும் இந்த முள் வளையங்களாலும் பார்ப்பதற்குத் திருகாணி மாதிரி இருக்கும். ஆங்கிலப் பெயரும் அதுதான். வால்முனை மட்டும் வெளியே தெரியும். அங்கே இரண்டு கரும்புள்ளிகள் இருக்கும். புழு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். வைத்தியத்தின் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது.

புழு தின்னத் தின்னப் புண் ஆழமாகும், கசிவு கூடும், வாடை ஏறும். அந்த வாடை மற்றப் பெண் ஈக்களையும் அழைத்துவரும். ஆகவே ஒரே புண்ணில் நேற்றுப் பொரிந்ததும், மூன்று நாள் வளர்ந்ததும், முற்றியதும் சேர்ந்தே இருக்கும். ஆறேழு நாளில் முற்றிய புழு தானாக வெளியேறித் தரையில் விழும். மண்ணுக்குள் புகுந்து தவிட்டு நிறக் கூடாக மாறும். அடுத்த ஒரு வாரம், பத்து நாளில் புது ஈ பறக்கும். இந்த ஈயின் பருவங்களில் புண்ணுக்குள் கழிவது ஒரு வாரம்தான். ஆனால் ஒரு கன்றைக் கொல்ல அது போதும்.

டெல்டாவின் புண்கள்

காவிரி டெல்டாவில் இந்த ஈக்குக் குறைவே கிடையாது. வெதுவெதுப்பும் ஈரமும் வருடத்தின் பெரும்பகுதி கிடைக்கும் ஊர் இது. சம்பா, தாளடி காலத்தில் சேற்றிலேயே நிற்கும் மாட்டின் குளம்பிடுக்கு ஊறி வெடிக்கும். கோமாரி வந்து போன மாட்டுக்குக் குளம்பில் புண் மிஞ்சும். தோல் கழலை நோயில் கட்டி உடைந்த இடம், உண்ணி பிடுங்கிய இடம், காக்கை கொத்திய முதுகு, மூக்கணாங்கயிறு அறுத்த மூக்கு, நுகத்தடி உரசிய கழுத்து, கன்று போட்ட பசுவின் கிழிந்த பிறப்புறுப்பு என்று ஈ உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. அண்மைக் காலத்தில் இதோடு காது வில்லையும் சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லையைக் குத்திய துளை ஆறும்வரை அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கே உரிய உம்பளச்சேரி மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகை, திருவாரூர்ப் பக்கத்துச் சேற்று வயலில் உழுவதற்கென்றே உருவான இனம். கொம்பைத் தீய்ப்பது, காதைக் கத்தரிப்பது, உடம்பில் சூடு போடுவது என்ற பழைய வழக்கங்கள் இந்த மாட்டுக்கு உண்டு. கொம்பு இல்லாததால் 'மொட்டை மாடு' என்றும் பெயர். மூன்றுமே திறந்த புண்ணை உண்டாக்கும் காரியங்கள். காயடிப்பதில் கத்தி போய் பர்டிசோ இடுக்கி வந்ததில் ஓர் ஆதாயம் இதுதான்: தோல் கிழியாமல் உள்ளே விந்துக்குழாயும் ரத்தக்குழாயும் மட்டும் நசுங்கும், ஈக்கு இடம் இல்லை.

அறுவடை முடிந்த தரிசில் கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் செம்மறிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்ற ஈ முட்டையிடாது. பறந்தபடியே பிறந்த குஞ்சுகளை ஆட்டின் மூக்கில் பீய்ச்சிவிட்டுப் போகும். அவை மூக்கின் உள்ளறைகளுக்குள் ஏறி மாதக்கணக்கில் தங்கும். ஆடு தும்மித் தும்மிச் சளி வடிக்கும். நண்பகலில் ஆடுகள் தலையைத் தாழ்த்தி, ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று மூக்கை ஒளித்து நிற்பதற்கு வெயில் மட்டும் காரணமல்ல; இந்த ஈக்கும் அவை பயப்படும். சில சமயம் மேய்ப்பவரின் கண்ணிலேயே இது குஞ்சை வீசிவிடும். கண் உறுத்திச் சிவந்து நீர் கொட்டும். மனிதக் கண்ணில் அந்தக் குஞ்சு வளர்ந்து முற்றாது என்றாலும், கண் மருத்துவர் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மனித உடம்பில்

பெசியானாவுக்கு மாடு, மனிதர் என்ற பேதம் இல்லை. ஆனால் உணர்வுள்ள, கை கால் ஆடும் மனிதர் மேல் ஈ உட்கார்ந்தால் விரட்டிவிடுவார். விரட்ட முடியாதவர், உட்கார்ந்ததே தெரியாதவர் மேல்தான் அது முட்டையிட்டு முடிக்கும்.

சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் முதலிடத்தில் நிற்கிறது. வயலில் வெறுங்காலோடு நின்று சேற்றுப்புண் வந்தவருக்கு வலிதான் காவல். வலித்தால் பார்ப்பார், மருந்து போடுவார். பாதத்தில் உணர்ச்சியே இல்லாதவருக்கு அந்தக் காவல் இல்லை. தொழுநோயிலும் இதே கதை: கை, காலில் உணர்விழப்பு, அதோடு மூக்கின் உட்புறம் சிதைந்து பொருக்குக் கட்டுவது. படுத்த படுக்கையான முதியவரின் இடுப்புப் புண், சீழ் வடியும் குழந்தையின் காது, பேன் கடித்துச் சொறிந்த தலை, வாயைத் திறந்தபடியே தூங்கும் நோயாளியின் ஈறு, குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவரின் மூக்கு என்று பட்டியல் நீளும். மூக்கில் வைத்தால் ரத்தம் வடியும், துர்வாடை வரும், கண்ணைச் சுற்றி வீங்கும், உள்ளே ஏதோ ஊர்வது போலிருக்கும். கவனிக்காமல் விட்டால் அண்ணத்தில் ஓட்டை விழும்; கண்குழிக்கும் மூளை உறைக்கும் பரவி உயிர் போனதும் உண்டு.

"வாய் புழுத்துப் போகும்" என்று சபிப்பது நம் வழக்கம். இந்தச் சாபம் நோயாளிக்குச் செய்யும் தீமை பெரிது. புழு வைத்தது பாவத்தின் பலன் என்று குடும்பமே நம்பினால், மருத்துவரிடம் காட்ட வெட்கப்பட்டு இரண்டு மூன்று நாள் மறைப்பார்கள். ஒரு வாரத்தில் முற்றிவிடும் புழுவுக்கு, இரண்டு மூன்று நாள் என்பது பாதி வாழ்க்கை. பாவம் பார்த்துத்தான் புழு வைக்கும் என்றால் சபித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். ஈ பார்ப்பது புண்ணை மட்டும்தான்.

எடுப்பது எப்படி?

கால்நடை மருத்துவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒரு வரிசை புரியும். முதலில் புண்ணைச் சுற்றி மயிரைக் கத்தரிப்பார். டர்பென்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சுத்துணியைக் குழிக்குள் திணித்துச் சில நிமிடம் காத்திருப்பார். எண்ணெய் மூச்சுத் துளைகளை அடைக்கும், நெடி எரிச்சல் தரும். ஆழத்தில் கிடந்தவை பின்வாங்கி மேலே வரும். துணியை எடுத்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார். வாய்க்கொக்கி சதையைக் கவ்வியிருப்பதால் வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக, முழுதாக வரும்படி எடுப்பார். பாதியில் அறுந்தால் உள்ளே மிஞ்சியது சீழ் வைக்கும். பிறகு கழுவி, மருந்து வைத்து, ஈ அண்டாத களிம்பு தடவுவார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பப் பார்ப்பார். நேற்றுப் பொரிந்த பொடிக்குஞ்சுகள் முதல் நாள் கண்ணில் படாது என்பது அவருக்குத் தெரியும். ஐவர்மெக்டின் குடும்ப மருந்துகள் ஊசியாகவோ மாத்திரையாகவோ இதற்குத் துணை வரும். ஜப்பான் மண்ணில் எடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அந்த மருந்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2015-இல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கும் முறை ஏறக்குறைய இதேதான். கூடவே டெட்டனஸ் தடுப்பூசி. மூக்கு, காது, கண் என்றால் வீட்டில் கை வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருத்துவர் வர நேரமாகும் ஊர்களுக்குத் தஞ்சாவூரிலேயே ஒரு வழி உருவானது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழிக் கால்நடை வைத்தியத்தைத் திரட்டி, சோதித்து, பயிற்சி கொடுத்தார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அந்த முறைகளை நாடு முழுக்கக் கொண்டுபோனது. காயத்துக்கு அவர்கள் சொல்லும் மருந்து: குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பத்துப் பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள்தூள், எல்லாவற்றையும் அரைத்து, தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துத் தடவுவது. புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைப்பது, அல்லது கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் விடுவது. சீத்தாவில் உள்ள அசிட்டோஜெனின் என்ற பொருள்கள் உயிரணுக்கள் சக்தி எடுக்கும் வழியை அடைப்பவை. எண்ணெய், புழுவின் மூச்சை அடைக்கும். கொல்லையில் இருக்கும் இலைக்கும் வேதியியல் உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம். இதற்கு மாறாக மண்ணெண்ணெயும் பினாயிலும் ஊற்றுவது, புழுவோடு புண்ணின் நல்ல சதையையும் பொசுக்கிவிடும்.

பலர் கோட்டைவிடுவது கடைசிக் காரியத்தில். எடுத்த புழுக்களைத் தொழுவத்து ஓரத்திலேயே உதறிவிடுகிறார்கள். முற்றிய புழுவுக்கு அது விடுதலை. மண்ணுக்குள் போய்க் கூடாகி அதே தொழுவத்துக்கு ஈயாகத் திரும்பும். கொதிநீரில் போட்டோ, எரித்தோ கொல்வதோடுதான் வைத்தியம் முடிகிறது.

ஈயையே ஒழித்தால் என்ன?

அமெரிக்கக் கண்டத்தில் இதே வேலையைச் செய்யும் வேறோர் ஈ உண்டு: காக்லியோமியா ஹோமினிவோராக்ஸ். அந்த ஈயின் பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் இணைசேரும் என்பதைக் கவனித்த எட்வர்ட் நிப்லிங், மலட்டு ஆண்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டால் என்ன என்று 1930-களில் யோசித்தார். ரேமண்ட் புஷ்லண்ட் இறைச்சிக் கலவையில் புழுவை வளர்க்கவும், கதிர்வீச்சால் மலடாக்கவும் வழி கண்டார். 1954-இல் கரீபியன் கடலின் குராசோ தீவில் விட்டுப் பார்த்தார்கள். சில மாதத்தில் தீவில் ஈ இல்லை. பிறகு ஃபுளோரிடாவில் விமானக் கொட்டகையில் தொழிற்சாலை வைத்து வாரம் 5 கோடி மலட்டு ஈக்களை உற்பத்தி செய்தார்கள். அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று வரிசையாக ஒழித்து 2006-இல் பனாமாவரை வந்துசேர்ந்தார்கள். 1988-இல் இந்த ஈ லிபியாவில் தலைகாட்டியபோது, மெக்சிகோவிலிருந்து 130 கோடி மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டுபோய் அங்கிருந்தும் துரத்தினார்கள்.

அந்த வெற்றியும் நிரந்தரமாக நிற்கவில்லை. 2023-இல் பனாமாவில் ஈ மறுபடி பெருகியது. 2024 நவம்பரில் மெக்சிகோவைத் தொட்டது. மெக்சிகோ மாடுகளுக்கு அமெரிக்கா எல்லையை மூடியது. பனாமா என்ற ஒரு குறுகிய நிலப்பாலத்தில் தொழிற்சாலை வைத்துக் காவல் காத்தவர்களுக்கே இந்தக் கதி. பெசியானாவோ ஆப்பிரிக்காவிலிருந்து வளைகுடா, இந்தியா, தென்கிழக்காசியா வழியாகப் பாப்புவா நியூகினிவரை இடைவிடாமல் பரவியிருக்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் மட்டுமே 19 கோடிக்கு மேல். இங்கே ஒரு பகுதியில் ஒழித்தாலும் அடுத்த பகுதியிலிருந்து வந்துவிடும். மலட்டு ஈத் தொழிற்சாலை டெல்டாவைக் காப்பாற்ற வரும் என்று காத்திருக்க முடியாது.

நம் கையில் இருப்பது ஈயின் காலக்கணக்குதான். மாலையில் முட்டை வைக்கிறது. பொரியக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். கன்று பிறந்ததும் தொப்புளை அயோடினில் நனைத்து, மழைக்காலத்தில் காயடிப்பதையும் கொம்பு தீய்ப்பதையும் தள்ளிவைத்து, எந்தப் புண்ணையும் மாலையில் மருந்திட்டு மூடி, காலையில் திறந்து பார்த்தால் முட்டைத் திட்டு பெரும்பாலும் முட்டையாகவே அகப்படும். ஈரத்துணியால் வழித்து எறிந்தால் தீர்ந்தது. மரத்துப்போன பாதத்தோடு தனியே இருக்கும் பெரியவருக்கும் இதே கணக்குதான். மாட்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுகிறவர், போகிற வழியில் அந்தப் பெரியவரின் காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் போகலாம்.